மரம் பழசு, மேஜை புதுசு

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில், "அசல் பர்மா தேக்கு சார், நூறு வருஷச் சாமான்" என்று சொல்லி ஒரு சாப்பாட்டு மேஜையை என் தலையில் கட்டினார்கள். நானும் பலகையைத் தடவிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், வாங்கிவிட்டேன். மரம் பர்மா தேக்குதான், நூறு வருடப் பழசும்தான், அதில் பொய் இல்லை. ஆனால் மேஜை பிறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. கால் ஆடுகிறது என்று கூப்பிட்ட தச்சர் அதைக் கவிழ்த்துப் போட்டார். பலகையின் அடியில் சதுரமாக இரண்டு இடத்தில் மரத்துண்டு வைத்து அடைத்திருந்தது. "இது உத்தரக்கட்டை தம்பி, துலாம் செருகின குழி இது" என்றார். இடித்த வீட்டில் கூரையைத் தாங்கிய மரத்தை அறுத்து, மேஜையாக்கி, அடிப்பக்கம் வரைக்கும் ஒரே கறுப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள்.

பழைய மரத்தில் புது மேஜை செய்வது தப்பே இல்லை. விறகாகப் போவதற்கு மேஜையாவது எவ்வளவோ மேல். ஆனால் அதை அப்படிச் சொல்லி, அதற்கு உண்டான விலைக்கு விற்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதற்கப்புறம் எந்தப் பழைய மேஜையைப் பார்த்தாலும் முதலில் தரையில் படுத்துவிடுகிறேன். கையில் செல்போன் டார்ச், சட்டைப்பையில் இஞ்ச் டேப். மேல்பலகையை யார் வேண்டுமானாலும் இழைத்துப் பாலிஷ் போட்டுப் புதுசாக்கலாம், பழசாக்கலாம், அடிப்பக்கத்தை யாரும் அவ்வளவு சிரத்தையாக ஏமாற்றுவதில்லை. கை இழைப்புளி ஓடிய மரத்தில் விரலைக் குறுக்கே ஓட்டினால் லேசான பள்ளம் பள்ளமாகத் தட்டுப்படும். மெஷினில் இழைத்தது என்றால் சீரான சின்னச் சின்ன அலை தெரியும். வட்ட ரம்பத்தில் அறுத்திருந்தால் வில் மாதிரி வளைந்த கீறல் இருக்கும், கைரம்பம் நேர்க்கோடாகத்தான் கீறும். அடிப்பக்க மரம் வறண்டு, மங்கி, இடத்துக்கு இடம் வேறு நிறமாக இருந்தால் எனக்கு நம்பிக்கை வரும். முழுக்க ஒரே நிறம் என்றால் எதையோ மறைக்கிறார்கள்.

திருகாணியையும் பாருங்கள். ஸ்டார் ஸ்க்ரூ 1930களில் வந்த சரக்கு, நூற்றைம்பது வருட மேஜையில் அதற்கு வேலை இல்லை. பின்னால் ரிப்பேர் பார்த்தபோது போட்டதாக இருக்கலாம்தான், அப்படியென்றால் பக்கத்திலேயே பழைய ஆணியின் ஓட்டை இருக்கும். வட்ட மேஜை என்றால் இன்னொரு வழி உண்டு. மரம் நாள்பட நாள்பட ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்காது. அதனால் உண்மையான பழைய வட்ட மேஜை அளந்தால் வட்டமாக இருக்காது.

இப்போது எங்கள் வீட்டில் இருக்கும் மேஜையை அப்படி அளந்துதான் வாங்கினேன், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில். ரேகையோடு 48 அங்குலம், குறுக்கே 47½. கடைக்காரர் பார்த்துச் சிரித்தார். கடைசல் கால், சட்டத்தின் முனையைக் காலில் வெட்டிய குழிக்குள் செருகி மர ஆணி அடித்திருக்கிறது. மூலைக்கு மூலை உளியால் கோடு போட்டிருந்தார்கள், காலில் ஒரு கோடு, அதோடு சேரும் சட்டத்திலும் ஒரு கோடு, அடுத்த மூலையில் இரண்டு, இப்படி நான்கு வரை. எந்தக் காலுக்கு எந்தச் சட்டம் என்று மாறிப்போகாமல் இருக்க மேஜையைச் செய்த தச்சர் வைத்த அடையாளம். நான்கும் சரியாகப் பொருந்தியதைப் பார்த்தபோது படுத்த இடத்திலிருந்து எழவே மனசில்லை. கடைக்காரர் சொன்ன வயதை நான் நம்பவில்லை. எண்பது தொண்ணூறு இருக்கும் என்று நினைக்கிறேன், எனக்கு அது போதும்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "யார் வீட்டுச் சாமானோ, என்னத்துக்கு வித்தாங்களோ" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தார். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நொடித்துப்போன வீடுகளிலிருந்தும் இவை வருகின்றன என்பது நிஜம்.

கண்ணாடி போடச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள், போடவில்லை. கண்ணாடிக்கு அடியில் ஈரம் தங்கினால் போகாது. ரசம் வைத்த பாத்திரத்துக்குப் பிரிமணை, தண்ணீர் டம்ளருக்கு ஒரு துணி, அவ்வளவுதான். ஒருநாள் மறந்து வெள்ளை வளையம் விழுந்துவிட்டது. வெள்ளையாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஈரம் அரக்குப் பாலிஷோடு நின்றுவிட்டது என்று அர்த்தம், துணியில் ஸ்பிரிட்டை லேசாகத் தொட்டு ஓடவிட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். கறுப்பாக விழுந்தால்தான் மரத்துக்குள்ளேயே போய்விட்டது. தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், தூசியைப் பிடித்துக்கொண்டு பிசுபிசுக்கும். நான் வருடத்துக்கு இரண்டு தடவை தேன்மெழுகு தேய்க்கிறேன். அப்புறம், ஏசி காற்று நேராக அடிக்கிற இடத்தில் போடாதீர்கள், பலகை பிளந்துவிடும்.

நான் கவனிக்காமல் விட்டது மேஜையின் காலை. தினமும் வீடு துடைக்கும் தண்ணீர் பட்டுப் பட்டு ஒரு காலின் நுனி உளுத்துவிட்டது. தேக்காக இருந்தாலும் அந்த முனையில் வைரம் பாயாத வெள்ளை மரம் கொஞ்சம் இருந்திருக்கிறது. போன மாதம், முதல் மேஜையைக் கவிழ்த்துப் பார்த்த அதே தச்சர் வந்து பார்த்தார். நாலு காலையும் மாற்றினால் ஒரே மாதிரி இருக்கும் என்றார். வேண்டாம் அண்ணே, கெட்ட இரண்டு அங்குலத்தை மட்டும் வெட்டிவிட்டு ஒட்டுப்போடுங்கள் என்றேன். சாயம் பூசட்டுமா என்று கேட்டார், அதுவும் வேண்டாம் என்றேன். ஒட்டுப்போட்ட துண்டு வெளிர் மஞ்சளாகத் தனியாகத் தெரிகிறது. அடியில், உளிக்கோட்டுக்குப் பக்கத்தில், மாதத்தையும் வருடத்தையும் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.