காப்புக்கதவில் கட்டிய கம்பி

தொழிற்சாலை ஆய்வாளர்களாகிய நாங்கள் பாதுகாப்பு ஆய்வுக்கு வரப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்ட தொழிற்கூடத்தை வாசலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். நடைபாதையின் மஞ்சள் கோடுகளில் பெயிண்ட் வாசனை போயிருக்காது. தலைக்கவசங்களில் ஒரு கீறல்கூட இருக்காது. தீயணைப்பானில் தொங்கும் மாதாந்திரச் சோதனை அட்டையைத் திருப்பினால், ஓராண்டுக் கையெழுத்துகளும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டவையாக இருக்கும். எனக்குக் கோபம் வருவதில்லை. எதையெல்லாம் மறைக்க வேண்டும் என்று நினைத்தார்கள் என்பதும் ஒரு தகவல்தானே.

கோப்புகளைப் புரட்டும் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொள்வேன். உரிமம், தூக்குக் கருவிகளின் சோதனைச் சான்று, பயிற்சிப் பதிவேடு எல்லாம் இருக்க வேண்டும். இல்லையென்றால் விதிமீறல், அவ்வளவுதான். விபத்துப் பதிவேட்டில் மட்டும் சற்று நிற்பேன். ஆண்டுக்கணக்கில் ஒரு சிராய்ப்புகூடப் பதிவாகவில்லை என்றால் அது நல்ல சேதியாக எனக்குத் தோன்றாது. முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் கட்டுத்துணியும் தீர்ந்திருக்கிறதே, அவை எங்கே போயின?

தளத்தில் இறங்கினால் நான் முதலில் தேடிப் போவது பெஞ்ச் கிரைண்டரை, அதாவது மேசையில் பொருத்திய சாணை இயந்திரத்தை. சாணைக்கல்லுக்கும், பொருளை வைத்துப் பிடிக்கும் தாங்கிக்கும் இடையே சுமார் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கல் தேயத் தேய இடைவெளி தானாகவே அகலும். தாங்கியை அவ்வப்போது முன்னால் நகர்த்தி இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தீட்டும் பொருள் இடுக்கில் இழுபட்டுச் சிக்கும், கல் உடைந்து சிதறும். அந்தத் தாங்கியின் மரையில் தூசியும் துருவும் ஏறியிருந்தால், பராமரிப்பு எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இது கவனக்குறைவு. ஆனால் வேண்டுமென்றே செய்யப்பட்ட மீறல்கள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கின்றன. ஒரு பொதி கட்டும் இயந்திரத்தில், காப்புக்கதவைத் திறந்தால் ஓட்டத்தை நிறுத்த வேண்டிய சுவிட்சைச் செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கம்பி பச்சை பூத்திருந்தது, நேற்றுக் கட்டியதல்ல. கூட வந்த மேலாளர், "இவர்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் புரியாது" என்றார். இயந்திரத்தில் நின்றவரிடம் காரணம் கேட்டேன்.

"அடிக்கடி அட்டை சிக்கிக்கொள்கிறது ஐயா. ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே."

ஏன் சிக்குகிறது? அட்டையை நேராகச் செலுத்தும் பட்டை தேய்ந்திருந்தது. பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். பட்டையை மாற்றக் கோரி இயந்திரத்தில் நின்றவரே எழுதியிருந்தார். எதிரே பதில் எழுத வேண்டிய கட்டம் வெறுமையாகக் கிடந்தது. கம்பியை அங்கேயே கழற்றச் சொன்னேன், பட்டை வரும்வரை இயந்திரத்தை நிறுத்தினேன். மேலாளருக்கு வருத்தம்தான். "கம்பியை அகற்றுக" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் அடுத்த வாரமே புதுக்கம்பி ஏறியிருக்கும்.

பூட்டிய அவசர வழியும் இப்படித்தான். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது, ஒன்பதாம் மாடியில் ஒரு வெளிக்கதவு பூட்டிக் கிடந்தது. அந்தத் தீயில் 146 பேர் இறந்தார்கள். இன்றும் பூட்டைக் காட்டிக் காரணம் கேட்டால், "பொருள் வெளியே போய்விடுகிறது" என்பார்கள். திருட்டுப் பயம் பொய்யல்ல. அதைத் திட்டிப் பயனில்லை. உள்ளிருந்து தள்ளினால் திறந்து, திறந்ததுமே அலறும் கம்பித் தாழ்ப்பாள் ஒன்று போட்டால் இரண்டுக்கும் வழி பிறக்கும்.

நேரம் கிடைத்தால் ஷிப்ட் மாறும் வேளையில் ஒரு சுற்று வருவேன். 1988 ஜூலையில் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். பழுதுபார்ப்புக்காக ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது. அதற்கான அனுமதிச் சீட்டும் இருந்தது. அந்தச் செய்திதான் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்தப் பம்ப்பை இயக்கினார்கள். ஆகவே, போகிறவர் வருகிறவரிடம் வாய் திறந்து ஏதாவது சொல்கிறாரா, கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறாரா என்று பார்ப்பேன்.

பொதி கட்டும் கூடத்துக்கு மறு ஆய்வுக்குப் போனபோது மேலாளர் பட்டை வாங்கிய ரசீதை நீட்டினார். வாங்கி வைத்துக்கொண்டு இயந்திரத்தில் நின்றவரிடம், அட்டை இன்னும் சிக்குகிறதா என்று கேட்டேன். "எப்போதாவதுதான்" என்றார். எப்போதாவது என்றால் எத்தனை தடவை என்று, மேலாளரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எண்ணத் தொடங்கினோம்.