படிக்கல்லில் புத்தர்: அஸுச்சி நாட்குறிப்பு

நவம்பர் 8, 2024, வெள்ளி

கியோத்தோவில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அஸுச்சி. சின்ன ஊர். இதன் ஓரத்தில் இரண்டு மலைகள் அருகருகே நிற்கின்றன. குட்டையான அஸுச்சி மலை 199 மீட்டர், அதைக் குனிந்து பார்ப்பதுபோல் நிற்கும் கினுகாசா மலை 432 மீட்டர். ஜப்பானைத் தன் கையில் கொண்டுவர முயன்ற போர்த்தலைவர் ஓதா நோபுனாகா 1576-இல் கோட்டை கட்டத் தொடங்கியது முதல் மலையில். 1579-இல் குடியேறினார், 1582-இல் துரோகத்தால் மாண்டார், அதே மாதம் மாளிகையும் எரிந்தது. இரண்டாவது மலையில் அதைவிடப் பழைய கன்னோன்ஜி கோட்டை. நாளை ஒன்று, மறுநாள் ஒன்று.

கான்கிரீட்டில் திரும்ப எழுப்பிய கோட்டைகளைப் பார்த்துச் சலித்துவிட்டேன். கல் மட்டும் மிஞ்சிய இடம் வேண்டும்.

நவம்பர் 9, சனி

வாடகைச் சைக்கிளில் எட்டரைக்கெல்லாம் அடிவாரம். ஊன்றுகோல்கள் வைத்திருக்கிறார்கள்; ஒன்றை எடுத்துக்கொண்டேன். எடுத்தது நல்லதாயிற்று, படிகள் 400-க்கு மேல், ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்.

கோட்டைக்குப் போகும் வழி என்றால் வளைந்து நெளிந்து எதிரியைத் திணறடிக்கும் என்று நினைப்போம். இங்கே முதல் 180 மீட்டர் நூல் பிடித்தாற்போல் நேராக ஏறுகிறது. அகலம் 6 மீட்டர். ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியம் தனக்கில்லை என்று நினைத்த ஒருவரின் பாதை.

பாதி வழியில் ஒரு படிமேல் சில்லறைக் காசுகள் கிடந்தன. குனிந்தேன். கல்லில் ஒரு முகம்.

கட்டுமானத்துக்குக் கல் போதாமல், சுற்றுவட்டாரத்திலிருந்த கல் புத்தர்களையும் கல்லறைக் கற்களையும் கொண்டுவந்து படியில் பதித்திருக்கிறார்கள். கோட்டை எப்படிக் கட்டப்பட்டது என்பது தெரியட்டும் என்று, அகழ்ந்தபோது இருந்தபடியே விட்டுவைத்திருப்பதாக அறிவிப்புப் பலகை சொல்கிறது. 1571-இல் ஹியேய் மலையின் புத்தக் கோயில்களை எரித்த நோபுனாகாவுக்கு இது பெரிதாகத் தோன்றியிருக்காது. புத்தகம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் நான். என்னால் அந்தப் படியை மிதிக்க முடியவில்லை. அதன்பின் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பார்த்துத்தான் ஏறினேன். எனக்கு முன்னால் காசு வைத்தவர்களும் அப்படித்தான் ஏறியிருப்பார்கள் என்று நினைத்தபோது ஒரு துணை கிடைத்தது.

உச்சியில் மாளிகை நின்ற இடம். அடித்தளக் கற்கள் வரிசை வரிசையாக, ஏறத்தாழ 1.2 மீட்டர் இடைவெளியில். நட்டநடுவில் மட்டும் கல் இல்லை. ஏழு நிலை மாளிகை என்று லூயிஸ் ஃப்ராய்ஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் எழுதிவைத்தார். இப்போது தலைக்கு மேல் வானமும் மரக்கிளைகளும். அன்று மலையைச் சுற்றி ஏரி நீர். இன்று கண்ணெட்டும் தூரம் வயல்.

அதே ஃப்ராய்ஸ் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். பாம்புக்கல் என்று பெயர்பெற்ற ஒரு பெரும் பாறையை மலைமேல் இழுத்தபோது அது நழுவி, 150 பேருக்கு மேல் நசுங்கி இறந்தார்கள். பத்தாயிரம் பேர் இரவு பகலாக மூன்று நாள் இழுத்த கல் என்று ஜப்பானியக் குறிப்பும் உண்டு. 1989-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் அகழாய்வு நடந்தது. அந்தக் கல் அகப்படவே இல்லை.

இறங்கும்போது ஊன்றுகோலைக்கூட மெதுவாகத்தான் ஊன்றினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கால் வலி. ஆனாலும் குவானோமி கோயில் வழியாகக் கினுகாசா மலை ஏறினேன். பாம்பு எச்சரிக்கைப் பலகைகள், ஈர இலைகள், ஒரு மணி நேரத்தில் எதிரே வந்தது ஒரே ஒரு முதியவர். கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

கன்னோன்ஜி கோட்டையை ஆண்டது ரொக்காக்கு குலம். 1568-இல் நோபுனாகாவின் படை பக்கத்துக் கோட்டையை ஒரே நாளில் பிடித்ததும், இவர்கள் இரவோடிரவாகத் தப்பிப் போனார்கள். சண்டையே இல்லாமல் விழுந்த கோட்டை என்று சிறுமையாகச் சொல்வார்கள். மதிலைப் பார்த்த பிறகு எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பாசி படிந்த பெரும்பாறைகள், விளிம்பில் ஆப்பு அடித்துப் பிளந்த குழிகளின் வரிசை. ஒரு குழியில் விரல் வைத்தேன். முதல் கணு வரை போயிற்று. 1556-இலேயே இங்கே மதில் வேலை நடந்ததற்குக் கோங்கோரின்ஜி கோயிலின் கணக்கேடு சாட்சி. அதாவது, அஸுச்சிக்கு இருபது ஆண்டு முன்பே இந்த மலையில் கல்தச்சர்களின் உளிச்சத்தம் கேட்டிருக்கிறது. அஸுச்சியின் மதில்களைப் புகழ்கிற எல்லோரும் இங்கே ஒருமுறை ஏறி வரவேண்டும்.

கோட்டையை ஒட்டியே கன்னோன்ஷோஜி கோயில். 1993-இல் மூலக்கோயில் தீயில் போயிற்று, பழைய திருவுருவத்தோடு. 2004-இல் புதிதாக எழுப்பினார்கள். உள்ளே நுழைந்ததும் சந்தன மணம். கருணையின் போதிசத்துவரான கன்னோன், ஆயிரம் கைகளோடு; பீடத்தோடு 6 மீட்டருக்கு மேல், முழுக்க இந்தியச் சந்தனம்! ஏற்றுமதிக்குத் தடை இருந்ததால், கோயில் குரு திரும்பத் திரும்ப இந்தியாவுக்குப் பயணம் போய்ச் சிறப்பு அனுமதி வாங்கியிருக்கிறார். வந்த மரம் 23 டன். அம்மா பூஜைக்குச் சந்தனம் அரைக்கும் கல்லின் ஓசை காதில் கேட்டது. நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 11, திங்கள்

பத்து மணி ரயிலுக்கு முன் ஒருமுறை அஸுச்சிப் படிகளுக்குப் போனேன். அந்த முகத்தருகே என் பங்குக்கு ஐந்து யென் வைத்தேன். ரயில் கிளம்பியதும் ஜன்னல் வழியே அந்தக் குட்டை மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாம்புக்கல் அதற்குள் எந்தப் பக்கம் கிடக்கிறதோ, அதனடியில் போனவர்களுக்கு யார் கல் நட்டார்களோ.