திருமணப் பதிவேட்டில் பெயர் திருத்தம்: ஆயரைத் தவிர யாராலும் முடியாத வேலை

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் கேட்டுக் கொடுத்த காகிதங்களில் திருமணச் சான்று மட்டும் திரும்பி வந்தது. அப்பாவின் பணிப் பதிவேட்டிலும் ஆதார் அட்டையிலும் அம்மாவின் ஞானஸ்நானப் பெயர் இருக்கிறது. 1979-இல் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு சேகரத்தில், அதாவது ஓர் ஆயரின் (குருவின்) பொறுப்பில் உள்ள சபைத் தொகுதியில், நடந்த அவர்களுடைய திருமணத்தின் சான்றிலோ வீட்டில் கூப்பிடும் பெயர் மட்டுமே இருந்தது. பெயரைத் திருத்தி வாங்கி வரும்படி சொன்னார்கள். அப்படிக் கேட்டதில் தவறு இல்லை. ஆனால் அந்தத் திருத்தத்தைச் செய்யும் தகுதி யாருக்கு இருக்கிறது என்று தெரிவதற்குள், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியைப் பல மாதங்கள் அலைய வைத்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் பழைய பதிவுகளோடு அலைகிறவர்கள் எங்களைப் போல் அவதிப்படக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் தருமபுரியிலிருந்து அந்தச் சேகரத்துக்குப் போன சமயத்தில், இடமாற்றத்தில் பழைய ஆயர் கிளம்பிப் போயிருந்தார்; புதியவர் இன்னும் பொறுப்பேற்கவில்லை. அலுவலகத்தில் கமிட்டிப் பொறுப்பாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டவர், "ஆயர் வர்ற வரைக்கும் எதுக்கும்மா காத்திருக்கணும்? நம்ம லெட்டர்பேடுலயே எழுதித் தந்துடறேன்" என்று சொல்லி, இரண்டு பெயர்களும் ஒரே நபரைக் குறிப்பவை என்று ஒரு கடிதம் அடித்து, சேகரத்தின் முத்திரையையும் போட்டுக் கொடுத்தார். பதிவேட்டை ஒரு முறை பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் வெளியாருக்குக் காட்டுவதில்லை என்று சொல்லிவிட்டார். அந்தச் சேகரத்தில் திடப்படுத்தல் பெற்று, அங்கேயே திருவிருந்து எடுத்து, அங்கேயே மணமுடித்த என் அம்மா அவருக்கு வெளியாராகத் தெரிந்தார்.

அந்தக் கடிதம் செல்லாது என்று ஓய்வூதிய அலுவலகத்தில் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்கள். பதிவேட்டைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் கையெழுத்து அதில் இல்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். அவர்களுக்குத் தெரிந்திருந்த இந்த விவரம், ஒரு சேகரத்தின் பொறுப்பில் இருக்கும் மனிதருக்குத் தெரியாமல் போனதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஏனென்றால் இது வெறும் அலுவலக நடைமுறை அல்ல. ஆயரின் ஊழியம் என்றால் என்ன என்பதையே இது தொடுகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பேராயரின் (பிஷப்பின்) கைவைப்பால் குருப்பட்டம் பெற்றவர் தம் திருச்சபையின் முறைப்படி திருமணத்தை நடத்தலாம் என்கிறது. அவருக்கு அரசின் தனி உரிமம் தேவையில்லை. நடத்திய கையோடு அதைப் பதிவேட்டிலும், அதோடு இணைந்த சான்றிதழிலும் இரட்டையாக எழுதி, மணமக்களிடமும் இரண்டு சாட்சிகளிடமும் கையெழுத்து வாங்குவதும், சான்றிதழை ஒரு மாதத்துக்குள் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுத் தலைமை அலுவலருக்கு அனுப்புவதும் அவருடைய கடமைகள். பிரசங்கம் செய்வதும் திருவிருந்து பரிமாறுவதும் எப்படி அவருடைய பட்டத்தோடு வருகின்றனவோ, அப்படியே இந்தப் பதிவேட்டுப் பொறுப்பும் வருகிறது. கமிட்டிக்குச் செயலரும் பொருளாளரும் தேர்தலில் வருகிறார்கள்; கணக்கு, கட்டடம், காணிக்கை எல்லாவற்றிலும் அவர்களுடைய உழைப்பு பெரிது. அந்தக் கமிட்டிக்குத் தலைவர் ஆயர்தான். ஆனால் பலிபீடமும் பதிவேடும் அவரிடம் கமிட்டியின் வழியாக வரவில்லை, பேராயரின் வழியாக வந்தவை. ஆங்கிலிக்கன் மரபில் ஒரு பங்குக்குக் குருவை நியமிக்கும்போது, அங்குள்ள ஆத்துமாக்களின் பொறுப்பு தமக்கும் அவருக்கும் உரியது என்று சொல்லித்தான் பேராயர் ஒப்படைக்கிறார். இங்கிலாந்தின் பங்குக் குருக்களுக்கு இருந்ததைப் போன்ற நிலையான பதவியுரிமை நம் ஆயர்களுக்குக் கிடையாது. பேராயர் மாற்றினால் போக வேண்டும். ஆனாலும் ஒருவர் போய் இன்னொருவர் வருவதற்கு இடையில் அந்தப் பொறுப்பு அறுந்து போவதில்லை. பக்கத்துச் சேகரத்து ஆயர் ஒருவரைப் பேராயர் பொறுப்பு ஆயராக வைப்பார். எங்களுக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய செய்தி இதுதான்.

அதைச் சொல்ல ஆளில்லாததால் பேராய அலுவலகத்துக்கே போனோம். விடியற்காலையில் தருமபுரியில் பேருந்து ஏறி, தொப்பூர் கணவாயைத் தாண்டி, முழங்கால் வலியோடு அம்மாவும் வந்தார். அங்கிருந்த எழுத்தர் எங்கள் மனுவை வாங்கிப் படிக்காமலேயே மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது, "சேகர ஆயர் கையெழுத்து இல்லாம இங்க எதையும் எடுத்துக்க மாட்டோம்" என்று திருப்பிக் கொடுத்தார். விதியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. சேகரத்தில் ஆயர் செய்ய வேண்டிய வேலையை அவர் தலைக்கு மேல் பேராய அலுவலகம் செய்வது முறையல்ல. ஆனால் அங்கே இப்போது யார் பொறுப்பு ஆயர் என்று கேட்டதற்கு, "அது உங்க சேகரத்துல கேட்டாத் தெரியும்" என்றார். நியமன உத்தரவு புறப்பட்ட அலுவலகம் அது. காலையிலேயே ஒரு வரி சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒரு நாளும், அம்மாவுக்கு அந்த வலியும் மிச்சமாகியிருக்கும்.

இதற்கிடையில் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். அரசிதழில் பெயர் மாற்றம் போடலாம் என்றார் ஒருவர். அம்மாவின் பெயர் மாறவே இல்லை, பதிவுதான் தவறு என்பதால் அது பொருந்தாது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி புதிதாகப் பதிவு செய்துவிடலாம் என்றார் ஒரு பத்திர எழுத்தர். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு நடந்த திருமணங்களுக்கு உரியது அது. அதுவும் கணவர் மறைந்த பிறகு எப்படிப் பதிய முடியும்? இந்த இரண்டு யோசனைகளுக்கும் யாரும் பணம் செலவழித்துவிட வேண்டாம்.

எங்களுக்கு வழி காட்டியவர், ஆயருக்குத் துணையாகச் சபை ஊழியம் செய்து ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர். பொறுப்பு ஆயர் யார், எந்தக் கிழமை வருவார் என்று அவர்தான் சொன்னார். பொறுப்பு ஆயர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். புதியவர் சில வாரங்களில் வந்துவிடுவார், நிலையாக இருக்கப்போகிறவர் செய்வதே நல்லது என்று சொல்லி, அதற்குள் அம்மாவின் ஞானஸ்நானப் பதிவின் நகலை வாங்கி வைக்கச் சொன்னார். பெயர் தவறு என்று நாம் வாயால் சொன்னால் போதாது. எது சரியான பெயர் என்பதற்குத் திருச்சபையின் பதிவேடே சாட்சி சொல்ல வேண்டும் என்றார்.

அம்மா பிறந்தது அரூர் பக்கத்துக் கிராமம். ஞானஸ்நான நகல் அங்கே சிரமமில்லாமல் கிடைத்தது. அந்தக் கிராமச் சபையில் வாரந்தோறும் ஆராதனை நடத்தியதும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்ததும் உபதேசியார்தான் என்று அம்மா சொல்வார். பல கிராமச் சபைகளுக்குச் சேர்த்து ஒரே ஆயர் இருந்ததால், அவர் முறை வைத்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் திருவிருந்தும் ஞானஸ்நானமும் நடக்கும். பதிவிலும் ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் ஆயரின் கையெழுத்து தெளிவாக இருந்தது.

புதிய ஆயர் பொறுப்பேற்ற பிறகு ஒரு தடை மிச்சமிருந்தது. பதிவேடு இருந்த பீரோவின் சாவி கமிட்டிப் பொறுப்பாளரிடம் இருந்தது. அவர் ஊரில் இல்லை என்றார்கள். 1538-இல் இங்கிலாந்தில் தாமஸ் குரோம்வெல் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைக்கக் கட்டளையிட்டபோது, அதை இரண்டு பூட்டுகள் கொண்ட பெட்டியில் வைத்து, ஒரு சாவியைக் குருவும் இன்னொன்றை ஆலயக் காவலர்களும் வைத்திருக்கச் சொன்னார். சபையின் பிரதிநிதிகள் சாட்சிகளாகவும் காவலாகவும் இருக்க வேண்டும், எழுதுவது குருவாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். குருவுக்கே சாவி இல்லாத நிலையை அந்தக் காலத்திலும் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். புதிய ஆயர் குரலை உயர்த்தவில்லை; பதிவேடுகள் தம் பொறுப்பில் இருக்க வேண்டியவை, மறுநாள் காலைக்குள் சாவி வர வேண்டும் என்று மட்டும் தொலைபேசியில் சொன்னார். சாவி வந்தது.

நீளமான தடித்த பதிவேட்டை ஆலயத்தின் பக்க அறையில் மேசைமேல் விரித்து, 1979-ஆம் ஆண்டுப் பக்கத்தைப் புரட்டினார். மணமகள் பெயர் என்ற கட்டத்தில் அந்நாளைய ஆயரின் கையெழுத்தில் வீட்டுப் பெயர் மட்டும்தான் எழுதியிருந்தது. பலரும் அதோடு நிறுத்தியிருப்பார்கள். இவர் விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகக் கீழே வந்து, மணமகள் கையெழுத்து என்ற இடத்தில் நிறுத்தி, "இது யாருடைய கையெழுத்துங்கம்மா?" என்று கேட்டார். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்து, "என்னுதுதாங்கய்யா" என்றார். நீல மையில், பள்ளிக்கூடப் பிள்ளையின் குண்டெழுத்தில், அம்மா தம் முழு ஞானஸ்நானப் பெயரையும் எழுதியிருந்தார். எங்களுக்கு முன்பு கொடுத்த நகலில் அந்த இடத்தில் "ஒப்பம்" என்று மட்டுமே தட்டச்சு செய்திருந்தார்கள். உண்மை அதே பக்கத்திலேயே இத்தனை ஆண்டுகளும் இருந்திருக்கிறது. பதிவேட்டை முதல் நாளே பார்க்க விட்டிருந்தால் எங்கள் கண்ணிலேயே பட்டிருக்கும். உரிய கட்டணம் செலுத்தினால் பதிவேட்டில் தேடவும் நகல் பெறவும் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு இடம் தருகிறது என்பதை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தும் முறையை 78-ஆம் பிரிவு சொல்கிறது. பிழை தெரியவந்த ஒரு மாதத்துக்குள், திருமணப் பதிவுக்குப் பொறுப்பானவர், மணமக்களின் முன்னிலையில், அவர்கள் இறந்தோ வராமலோ இருந்தால் நம்பத்தகுந்த இரண்டு சாட்சிகளின் முன்னிலையில், பழைய எழுத்தைத் தொடாமல் பக்க ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். தாம் பதிவேட்டைத் திறந்து பிழையைக் கண்ட நாளையே ஆயர் தொடக்கமாக எடுத்துக்கொண்டார். அப்பா இல்லாததால் அம்மாவோடு என் சித்தியும் அந்த உபதேசியாரும் சாட்சிகளாக வந்தார்கள். ஓரத்தில் நான்கு வரி எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளை மை பூசுவது, அடித்து எழுதுவது, புதுப் பக்கம் சேர்ப்பது என்று யாராவது உதவ முன்வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். பதிவேட்டைச் சிதைப்பதற்கும் பொய்யாக எழுதுவதற்கும் 75-ஆம் பிரிவில் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

பலர் விட்டுவிடும் ஒரு வேலை இதற்குப் பிறகு இருக்கிறது. 1979-லேயே சான்றிதழின் மறுபாதி சென்னையில் உள்ள பதிவுத் தலைமை அலுவலருக்குப் போய்விட்டதால், பிழையான பதிவையும் திருத்தத்தையும் சேர்த்துத் தனிச் சான்றிதழ் ஒன்றை ஆயர் அங்கே அனுப்ப வேண்டும். அதை ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். ஒப்புகையின் நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயர் கையெழுத்திட்ட நகலை ஓய்வூதிய அலுவலகத்தில் கொடுத்தபோது, பெயரில் குறை சொல்லவில்லை. சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி, பதிவேட்டின் பொறுப்பாளர் கையெழுத்திட்ட நகலுக்கு மேல் வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் புதிதாக ஒரு கேள்வி வந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாக இருக்க, சான்றில் தருமபுரி மாவட்டம் என்று ஏன் இருக்கிறது என்று கேட்டார்கள். ஆயரிடம் வந்து, அதையும் திருத்திவிடலாமா என்று கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004 பிப்ரவரி 9-இல். 1979-இல் அந்த இடம் தருமபுரி மாவட்டம்தான். பதிவில் பிழை இல்லாதபோது திருத்தும் அதிகாரம் தமக்கும் இல்லை என்று சொல்லி, அந்த விளக்கத்தை மட்டும் தனிக் கடிதமாக எழுதித் தந்தார். அன்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. யோசித்துப் பார்த்தபோது, இப்படி மறுக்கத் தெரிந்தவர் செய்த திருத்தம் என்பதாலேயே அந்த நகலின்மேல் எனக்கு நம்பிக்கை கூடியது.

அந்தக் கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். அம்மாவுக்கு நிலுவையோடு ஓய்வூதியம் வந்துவிட்டது. நகல் வாங்கும்போது ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று வாங்கிவிடுங்கள். வங்கியிலும் ஒன்று கேட்டார்கள்.