கழல மறுத்த ஃபில்டர்

ஷட்டரைப் பல நொடிகள் திறந்து வைத்து, ஓடும் நீரைப் பட்டுத்துணி போல இழைய வைக்கும் நீண்ட எக்ஸ்போஷர் படங்களை மூன்று மாதமாகப் பழகி வருகிறேன். போன வாரம் விடிவதற்கு முன்பே ஓடைக்கரைக்குப் போய் ட்ரைபாடை நிறுத்திவிட்டேன். கையில் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர், அதாவது லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் இருட்டுக் கண்ணாடி. ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் சென்சாருக்குப் போகும். ஃபில்டர் இல்லாமல் ஷட்டர் திறந்திருக்க வேண்டிய நேரம் 1/30 நொடி என்று வந்தது, அதைப் போட்டதும் ஏறத்தாழ 34 நொடி ஆகிவிடும்.

இவ்வளவு இருட்டான கண்ணாடி வழியாக ஆட்டோஃபோகஸ் தடுமாறும் என்பதால், முதலில் ஃபோகஸைப் பிடித்து, மேனுவலுக்கு மாற்றி, அப்புறம்தான் ஃபில்டரைத் திருகுவேன். அன்றும் அப்படித்தான் செய்தேன். ஆனால் இடையில் ஃபில்டரை ஒரு நிமிடம் பாறை மேல் வைத்திருந்தேன். திருகும்போது 'கரகர' என்று ஓர் உரசல் கேட்டது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வெளிச்சம் ஏறிக்கொண்டே இருந்த அவசரத்தில் இறுக்கிவிட்டேன்.

நான்கு படங்கள் நன்றாகவே வந்தன. அப்போதுதான் எதிர்க்கரையில் நீருக்கு மேல் நீண்டிருந்த கிளையில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. பறவைக்கு வேகமான ஷட்டர் வேண்டுமே என்று ஃபில்டரைக் கழற்றப் பார்த்தால் அசையவே இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வலிக்கும் அளவுக்குப் பிடித்துத் திருகினேன். ம்ஹூம். உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முயன்றேன். லென்ஸின் ஃபோகஸ் வளையம்தான் கூடச் சுற்றியது.

பறவை இன்னும் அங்கேயே இருந்தது. சரி, பத்து ஸ்டாப்பை வேறு வழியில் திரும்ப எடுக்க முடியுமா என்று கணக்குப் போட்டேன். லென்ஸின் துளையை எஃப் 11-லிருந்து 2.8 வரை திறந்தால் 4 ஸ்டாப். சென்சாரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100-லிருந்து 6400-க்குப் போனால் 6 ஸ்டாப். மொத்தம் சரியாகப் பத்து! அதற்குள் வெயிலும் கொஞ்சம் ஏறியிருந்ததால் ஷட்டர் 1/125-க்கு வந்தது. கேமரா திரையில் தெரியும் லைவ் வியூ காட்சியைப் பெரிதாக்கி, கையாலேயே ஃபோகஸைத் தேடிப் பிடித்தேன். என் லென்ஸ் 70 மில்லிமீட்டருக்கு மேல் எட்டாது, அதனால் படத்தில் பறவை சின்னதாகத்தான் இருக்கிறது. நிழல் பகுதிகளில் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ், ஃபில்டரின் பழுப்புச் சாயல் வேறு. ஆனாலும் அலகைத் தாழ்த்தி நீரைப் பார்க்கும் அந்தக் கணம் கிடைத்துவிட்டது. அன்று எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் என் தப்பு புரிந்தது. ஃபில்டர் வளையம் மெல்லிய அலுமினியம். இரண்டு விரலால் இரு பக்கமும் அழுத்தினால் அந்த வட்டம் துளியளவு நீள்வட்டமாகிறது. உடனே மரை இரண்டு இடத்தில் இன்னும் கெட்டியாகக் கவ்விக்கொள்கிறது. அதாவது, பலத்தைக் கூட்டக் கூட்ட நானேதான் அதைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

பிடியை வட்டம் முழுக்கப் பரப்ப வேண்டும். மேசையில் மவுஸ் பேடை ரப்பர் பக்கம் மேலே தெரியும்படி விரித்து, லென்ஸைக் கேமராவிலிருந்து பிரித்து, ஃபில்டர் விளிம்பு முழுவதும் ரப்பரில் படியுமாறு கவிழ்த்து வைத்தேன். கண்ணாடி வளையத்துக்குள் சற்று உள்வாங்கி இருப்பதால் அதன் மேல் எதுவும் படவில்லை. ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், லென்ஸின் முன்விளிம்பை ஒட்டிப் பிடித்து, லேசாக அழுத்தித் திருப்பினேன். இரண்டாவது முறையிலேயே 'டக்' என்று விட்டது. விரல்களால் அரை மணி நேரம் போராடியது இதற்குத்தானா என்று இருந்தது.

மரையில் இரண்டு மணல் பொடிகள் மினுங்கின. 77 மில்லிமீட்டர் ஃபில்டரில் மரைக்கு மரை இடைவெளி 0.75 மில்லிமீட்டர்தான், அடைத்துக்கொள்ள ஒரு பொடியே போதும். லென்ஸைத் தலைகீழாகப் பிடித்தபடி, உலர்ந்த பல்துலக்கும் பிரஷால் இரு பக்க மரையையும் தட்டிச் சுத்தம் செய்தேன். ஃபில்டர் மரையில் மட்டும் 4பி பென்சில் முனையை ஒரு சுற்று தேய்த்து, உதிர்ந்த தூளை ஊதித் துடைத்தேன். கிராஃபைட் வழுக்கும் பொருள், எண்ணெய் போலக் கண்ணாடிப் பக்கம் பரவாது.

இப்போது மாட்டும் முறையும் மாறிவிட்டது. முதலில் ஃபில்டரை இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுகிறேன். மரையின் தொடக்கம் பொருந்தும் இடத்தில் விரலுக்குச் சின்னதாக ஒரு துள்ளல் தெரியும். அதற்கப்புறம்தான் வலப்பக்கம். முட்டியதும் கால் சுற்று பின்னால் வந்து விட்டுவிடுகிறேன்.

நேற்று அதே ஓடையில் ஆறு முறை போட்டுக் கழற்றினேன். ஆறு முறையும் ஒரு விரல் தள்ளலில் வந்துவிட்டது. மீன்கொத்தியைத்தான் காணவில்லை.