சன் சீ கப்பல் வந்த அன்று

2010 ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. கனடாவின் ஸ்காபரோவில் நான் அப்போது வேலை செய்த தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் ரிவி ஓடிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து எடுத்த படம். துருப்பிடித்த ஒரு சரக்குக் கப்பல், அதன் மேல்தளத்தில் புள்ளி புள்ளியாகச் சனம். எம்.வி. சன் சீ. தாய்லாந்திலிருந்து வெளிக்கிட்டு, மூன்று மாதமளவு கடலில் கிடந்து, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. உள்ளே 492 ஈழத்தமிழர்.

பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இவர்கள் உங்கள் ஆட்கள்தானே, இதில் எத்தனை பேர் பயங்கரவாதிகள்?" என்று கேட்டார். நல்ல மனிதர். என் மகள் பிறந்தபோது தன் மனைவி பின்னிய கம்பளித் தொப்பி கொண்டுவந்து தந்தவர். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கப்பலில் ஆட்கடத்தல்காரரும் பயங்கரவாதிகளும் இருப்பதாகச் சந்தேகம் என்று பொதுப் பாதுகாப்பு அமைச்சர் விக் டேவ்ஸ் சொல்ல, செய்திகள் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தன. அவர் காதில் விழுந்தது அதுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரவு அம்மாவும் அதே படத்தைப் பார்த்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பிள்ளை, இவ்வளவு நாளும் குடிக்கத் தண்ணி இருந்திருக்குமோ?" அந்த 492 பேரில் 63 பெண்கள், 49 சிறுவர்கள். ஒருவர் வழியிலேயே இறந்துபோனார்.

படம் எட்டத்தில் இருந்து எடுக்கப்பட்டதைக்கூட நான் மன்னிப்பேன். முகத்தைக் காட்டினால் ஊரில் இருக்கிற குடும்பத்துக்கு ஆபத்து. ஆனால் ஏன் வந்தார்கள் என்று சொல்ல முகம் தேவையில்லையே. 2009 மே மாதம் வன்னியில் என்ன நடந்தது, அதன் பிறகு மூன்று இலட்சத்துக்குக் கிட்டிய சனம் வவுனியாவில் முட்கம்பிக்குள் எப்படிக் கிடந்தது என்பதெல்லாம், நான் பார்த்த செய்திகளில், கடைசியில் ஒரு வரியாக வந்தால் பெரிய காரியம்.

அதைவிட என்னை நோகடித்தது "வரிசையில் நிற்காமல் புகுந்தவர்கள்" என்ற கதை. எங்கட ஆட்களே அதைச் சொன்னார்கள். தொண்ணூறுகளில் ஏஜென்சிக்குக் காசு கட்டி, இன்னொருவரின் பாஸ்போட்டில் வந்து இறங்கிய ஒரு மாமா என் வீட்டு சோபாவில் இருந்துகொண்டு சொன்னார். சரி மாமா, முள்ளிவாய்க்காலில் அந்த வரிசை எங்கே தொடங்கினது? உயிருக்குப் பயந்து வருகிறவர் கடதாசி இல்லாமல் வந்தாலும் அதற்காகத் தண்டிக்கக்கூடாது என்று 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை சொல்கிறது. கனடா அதை 1969இல் ஏற்றுக்கொண்ட நாடு.

இந்தக் கனடாதான் 1986 ஆகஸ்டிலும் இருந்தது. நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை கஸ் டோல்டன் என்ற மீன்பிடிக் கப்டன் கண்டு காப்பாற்றினார். முதலில் எல்லோரும் இரங்கினார்கள். அவர்கள் சொன்னதுபோல இந்தியாவிலிருந்து வரவில்லை, மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் பேச்சு மாறிவிட்டது. ஆனாலும் தங்க அனுமதி கொடுத்தார்கள்.

சன் சீ சனத்தை முதலில் தடுப்பில் போட்டார்கள். சிலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள்.

2015 நவம்பர் 27இல் கனடா உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதை நானே இருந்து வாசித்தேன். பெயருக்குப் பதிலாக "பி010" என்று குறிக்கப்பட்ட ஒருவரின் வழக்கு அது. கப்பலை ஓட்ட வேண்டிய தாய்லாந்து மாலுமிகள் விட்டுவிட்டுப் போக, பயணிகளில் பன்னிரண்டு பேர் வேலையைக் கையில் எடுத்திருக்கிறார்கள். இந்த மனிதர் இயந்திர அறையில் முறை வைத்து நின்று, வெப்பம், தண்ணீர், எண்ணெய் அளவுகளைப் பார்த்திருக்கிறார். அதற்காகத்தான் அவரை ஆட்கடத்தலில் சேர்த்தது அரசு. தப்பி வரும் வழியில் அகதிகள் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது ஆட்கடத்தல் ஆகாது என்றது நீதிமன்றம்.

தொப்பி தந்த அந்த மனிதருக்கு இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் அந்த வேலையை விட்டு அப்போது மூன்று வருடம். அவருடைய நம்பரும் என்னிடம் இல்லை.