ஒன்பதாயிரம் வரை பொறுத்திருத்தல்

சென்னையில் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், எஞ்சின் சற்றுக் குரலை உயர்த்தினாலே, "வண்டி கத்துது பாருங்க சார், கியரை மாத்துங்க" என்பார். இருபதில் இரண்டாவது, நாற்பதில் மூன்றாவது என்று அவர் போட்டுக்கொடுத்த கணக்கு, மைலேஜ் பார்த்து ஓட்டுகிறவர்களுக்குச் சரியான கணக்குதான். அது என் காதில் எவ்வளவு ஆழமாக ஊறிக் கிடக்கிறது என்பது, ஜப்பானின் இபராகி மாநிலத்திலுள்ள சுகுபா பந்தயத் தடத்தில் நண்பரின் பழைய ஹோண்டா எஸ்2000 காரை ஓட்டிய அன்றுதான் எனக்கு உறைத்தது.

1999இல் வெளிவந்த அந்தக் காரின் எஞ்சின் வெறும் 1,997 சி.சி. கொள்ளளவு கொண்டது, டர்போ கிடையாது. ஆனால் ஜப்பானிய மாடலில் 8,300 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு அத்தனை சுழற்சிகள்) 250 குதிரைத்திறன் தரும்; உச்ச முறுக்குவிசையான 218 நியூட்டன் மீட்டர், 7,500இல்தான் கிடைக்கும்; எஞ்சின் தாண்டக் கூடாத எல்லையான சிவப்புக் கோடு 9,000இல் இருக்கிறது. பிஸ்டனின் ஸ்ட்ரோக், அதாவது அது ஒருமுறை நகரும் தூரம், 84 மில்லிமீட்டர் என்பதால், 9,000இல் அது சராசரியாக நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் மேலும் கீழும் ஓடுகிறது. ஏறத்தாழ 6,000 ஆர்.பி.எம்.மில், எண்ணெய் அழுத்தத்தால் நகரும் சிறிய பின்கள் வால்வுகளை அழுத்தும் ராக்கர் ஆர்ம்களை ஒன்றாகப் பூட்ட, வால்வுகளை அதிக உயரத்துக்கும் அதிக நேரத்துக்கும் திறந்துவைக்கும் பெரிய கேம் (அந்த ஆர்ம்களைத் தள்ளும் சுழல் புடைப்பு) வேலைக்கு வருகிறது; இதைத்தான் விடெக் என்கிறார்கள். அதற்குக் கீழே அது சாதுவான இரண்டு லிட்டர் எஞ்சின். அதற்கு மேலே குரலே வேறு.

ஆகவே இந்தக் காரில் ஓட்டுநருக்குப் பயன்படும் இடம் 6,000 முதல் 9,000 வரைதான். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் அந்த இடத்துக்குள்ளேயே வந்து விழும்படி கியர்பாக்ஸை அமைத்திருக்கிறார்கள் என்பது, விகிதங்களைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தால் தெரியும்; எண் பெரிதானால் இழுவை அதிகம், ஓடும் வேகம் குறைவு. முதல் கியர் 3.133, இரண்டாவது 2.045, மூன்றாவது 1.481, நான்காவது 1.161, ஐந்தாவது 0.970, ஆறாவது 0.810. (சுகுபா தடத்தின் நீளமும் 2,045 மீட்டர்தான் என்பது தற்செயல், எனக்கு மட்டும் ஏனோ அதில் ஒரு மகிழ்ச்சி.) 9,000இல் முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால் எஞ்சின் சுமார் 5,900க்கு, அந்த இடத்தின் விளிம்புக்கு, இறங்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கு 6,500, மூன்றிலிருந்து நான்குக்கு 7,050, அதன் பிறகு 7,500. மேலே போகப் போக இடைவெளி குறுகுவதற்குக் காரணம் உண்டு. வேகம் ஏறும்போது காற்றின் தடையும் ஏறுவதால், அங்கே ஒவ்வொரு மாற்றத்திலும் இழந்தால் தாங்கக்கூடிய திறன் மிகக் குறைவு.

நான் செய்த தவறு இரண்டாவது ஹேர்பின் வளைவை விட்டு வெளியேறும்போது நடந்தது. எஞ்சின் அலறத் தொடங்கியதும், பழைய ஆசிரியரின் குரல் கேட்டதோ என்னவோ, 8,000இலேயே கை தானாக மூன்றாவதுக்குப் போய்விட்டது. 8,000ஐ 2.045ஆல் வகுத்து 1.481ஆல் பெருக்கிப் பாருங்கள்: 5,800க்குக் கொஞ்சம் கீழே. பெரிய கேமின் வாசலுக்குச் சற்று வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். கார் திடீரென்று களைத்துப்போனதுபோல் இருந்தது. அது மீண்டும் மூச்சுப் பிடிப்பதற்காகக் காத்திருந்தேன். பக்கத்து இருக்கையிலிருந்த நண்பர் எதுவும் சொல்லாமல், எஞ்சின் சுழற்சியைக் காட்டும் டேக்கோமீட்டரில் வளைந்து ஏறும் பட்டையின் கடைசிச் சிவப்பு முனையை விரலால் தொட்டுக் காட்டினார். அடுத்த சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு அதுவரை பொறுத்திருந்தேன்.

உச்ச முறுக்குவிசை கிடைக்கும் இடத்தில் கியர் மாற்ற வேண்டும் என்று பலர் சொல்வதுண்டு. அது தவறு. காரைத் தள்ளுவது எஞ்சினிடம் இருக்கும் முறுக்குவிசை அல்ல, கியரால் பெருக்கப்பட்டுச் சக்கரத்தை அடையும் முறுக்குவிசை. 8,300இல் இந்த எஞ்சின் தருவது சுமார் 212 நியூட்டன் மீட்டர். இரண்டாவது கியரின் 2.045ஆல் பெருக்கினால் 433. மூன்றாவதில் அதன் ஆகச் சிறந்த 218ஐயே எடுத்துக்கொண்டாலும், 1.481ஆல் பெருக்கினால் 323தான் வருகிறது. உச்சத்தைத் தாண்டி எஞ்சின் சற்றுத் தளர்ந்திருந்தாலும், கீழ்க் கியரில் இருப்பதே லாபம்.

கியரைக் கீழிறக்கும்போதுதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. மேலே ஏறும்போது 9,000ஐப் பெரிதாகத் தாண்டாமல் மின்னணுக் கட்டுப்பாடு எரிபொருளை நிறுத்திவிடும். ஆனால் மூன்றாவதில் 8,000இல் போய்க்கொண்டிருக்கையில் அவசரப்பட்டு இரண்டாவதைப் போட்டுக் கிளட்சை விட்டால், எஞ்சினைச் சுழற்றுவது சக்கரங்கள்; அது 11,000ஐத் தாண்டும், எந்த மின்னணுவும் அதைத் தடுக்க முடியாது. வால்வு ஸ்பிரிங்கைத் தாங்கும் ரிட்டெய்னர்கள் விரிசல் விடுவது இப்படித்தான். பிரேக்கை முழுதாகப் பயன்படுத்தி வேகத்தைக் குறைத்த பிறகு, குதிகாலால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டி எஞ்சின் சுழற்சியை உயர்த்திக்கொண்டே கீழ்க் கியரைப் போடுவது அழகுக்காகச் செய்கிற வித்தை அன்று.

இந்தக் காரை வாங்குகிறவர்களில் சிலர், கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் இடையிலுள்ள 4.10 என்ற இறுதி விகிதத்தை 4.44 அல்லது 4.77 ஆக மாற்றிவிடுகிறார்கள். எல்லாக் கியரிலும் இழுவை கூடும் என்பது உண்மைதான். ஆனால் கியர்களுக்கிடையே உள்ள இடைவெளி மாறவே மாறாது. 8,000இல் மாற்றுகிறவர் அப்போதும் அதே பள்ளத்தில்தான் விழுவார். ஹோண்டாவே 2004 மாடலில் அமெரிக்காவுக்காக ஸ்ட்ரோக்கை 90.7 மில்லிமீட்டராக நீட்டி, 2,157 சி.சி. ஆக்கி, சிவப்புக் கோட்டை 8,000க்கு இறக்கி, முதல் நான்கு கியர்களை, இழுவை கூடும்படி, 4 சதவீதம் குறுக்கியது. தினசரி ஓட்ட அதுவே வசதியான கார். என் மனம் என்னவோ பழையதையே கேட்கிறது.

பொதுச் சாலையில் இதையெல்லாம் செய்து பார்க்க முடியாது. இரண்டாவது கியரை முடிப்பதற்குள்ளேயே மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். மாலையில் ஜோபன் விரைவுச்சாலை வழியாக ஆறாவது கியரில் நூறில் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்போதே டேக்கோமீட்டர் 3,300ஐத் தொட்டிருந்தது. துணிக்கூரைக்குள் பேச்சுக் கேட்கவில்லை. நண்பர் உரக்க ஏதோ சொன்னார். எனக்கு அது "கியரை மாற்று" என்று கேட்டது. ஏழாவது கியர் இல்லை.