டியெங்: மேகம் இறங்குவதற்குள் பார்த்துவிட வேண்டிய மலை

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், யோக்யகர்த்தா நகரில் 'போரோபுதூரும் டியெங்கும் ஒரே நாளில், தனி வண்டி' என்று ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள். வாங்காதீர்கள். போரோபுதூர் என்ற பழைய பௌத்தக் கட்டடத்தின் மேலே ஏற நேரம் குறித்த சீட்டு வேண்டும். அதை முடித்துக் கிளம்பினால் டியெங் போய்ச் சேரப் பிற்பகல் ஆகிவிடும். அதற்குள் மலை முழுக்க மேகம் மூடியிருக்கும். மூன்றரை மணி நேரம் வண்டியில் குலுங்கிப் போய் வெள்ளைத் துணி விரித்த மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டு வருவதற்கு எதற்கு ஒரு நாள் வாடகை?

டியெங்குக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். இடம் ஜாவாவின் நடுவில், கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேலே இருக்கும் எரிமலைப் பீடபூமி. ஜாவாவில் இன்று நிற்கும் மிகப் பழைய கோயில்களில் சில இங்கேதான் இருக்கின்றன. எல்லாம் சிவன் கோயில்கள். இங்கே கிடைத்த ஒரு கல்வெட்டின் காலம் கி.பி. 809.

வாடகை பேசும்போது நான்கு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: பெட்ரோல் சேர்ந்ததா, ஒவ்வோர் இடத்துக்கும் பார்க்கிங் யார் கொடுப்பது, எத்தனை மணி நேரம், அதைத் தாண்டினால் மணிக்கு எவ்வளவு. பன்னிரண்டு மணி நேரம் என்று பேசினால் பற்றாது. போக வரவே ஏழு மணி நேரம் போய்விடும். நுழைவுச்சீட்டு பெரும்பாலும் வாடகையில் சேராது. பீடபூமி வொனோசோபோ, பஞ்சார்நெகாரா என்ற இரண்டு மாவட்டங்களில் கிடப்பதால் சீட்டும் ஒன்றல்ல. அர்ஜுனன் கோயில்களுக்கும் சிகிடாங் எரிமலை வாய்க்கும் சேர்த்து ஒரு சீட்டு. தெலாகா வர்னா ஏரிக்குத் தனிச் சீட்டு. அங்கே வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரர்களைவிடப் பல மடங்கு அதிகம். சில்லறை ரூப்பியா கையில் இருக்கட்டும், கழிப்பறைக்குக்கூடக் காசுதான்.

காலை நாலரைக்குக் கிளம்பினால் கிளெடுங் கணவாயில் வெளிச்சம் வந்திருக்கும். ஒரு பக்கம் சும்பிங் (3371 மீட்டர்), மறுபக்கம் சிந்தோரோ. இரண்டும் ஒழுங்கான கூம்புகள், அடிவாரமெல்லாம் புகையிலைத் தோட்டம். இறங்கிப் பத்து நிமிடம் பாருங்கள். திரும்பும்போது இந்த மலைகள் இருக்காது, மேகம்தான் இருக்கும். வொனோசோபோவிலிருந்து கடைசி 26 கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். சின்ன என்ஜின் வண்டியில் ஆறு பேரும் ஏ.சி.யும் என்றால் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டுதான் ஏறும். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை வொனோசோபோவிலேயே போட்டுக்கொள்ளட்டும்.

மேலே போனதும் டிரைவர் நேரே அர்ஜுனன் கோயிலில் நிறுத்துவார். அதைக் கடைசிக்கு வையுங்கள். மேகம் வந்தால் ஏரி காணாமல் போகும், கோயில் போகாது. மேகத்துக்குள் நிற்கும் கருங்கல் கோயில் இன்னும் அழகாகவே இருக்கும்.

அதனால் முதலில் தெலாகா வர்னா. தெலாகா என்பது நம் 'தடாகம்', வர்னா நம் 'வர்ணம்'. கந்தகம் கலந்த நீர், வெயிலுக்கேற்றபடி பச்சையும் நீலமுமாக மாறும். கரையில் நடப்பதைவிட, எதிரே 'பாத்து பண்டாங்' எனும் பாறைமேல் ஏறிப் பாருங்கள். பக்கத்திலேயே நிறமில்லாத பெங்கிலோன் ஏரி; இரண்டும் ஒரே சட்டகத்தில் தெரியும். மேலே உள்ள ஊஞ்சல், இதய வடிவ வளையம் எல்லாவற்றுக்கும் தனிக் காசு. அவசியமே இல்லை.

அங்கிருந்து சிகிடாங் போகும் வழியில்தான் வீமன் கோயில். பேக்கேஜ் வண்டிகள் பெரும்பாலும் நிற்காது, நீங்கள் நிறுத்தச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் டியெங்கில் பார்க்க வேண்டியது இதைத்தான். கிழக்குப் பார்த்தது, காலை வெயில் முகத்தில் விழும். கோபுரம் அடுக்கடுக்காக உயர்கிறது. அடுக்குகளில் குதிரை லாட வடிவ மாடங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது. மாமல்லபுரத்து ரதங்களின் கபோதத்தில் (வளைந்த கூரை விளிம்பில்) முகம் எட்டிப் பார்க்கும் 'கூடு' இருக்கிறதே, அதன் உறவுதான். ஜாவாவில் வேறெங்கும் இப்படி ஒரு கோபுரம் பார்ப்பது அரிது.

சிகிடாங்கில் கொதிக்கும் சேறு, ஆவி, அழுகிய முட்டை நாற்றம். கிடாங் என்றால் மான். எரிவாய் இடம் மாறி மாறித் துள்ளுவதால் அந்தப் பெயர். வெள்ளிக் கொலுசு, மோதிரம் கறுத்துவிடும், கழற்றி வையுங்கள். வாசலில் விற்கும் துணி முகமூடி வாயுவைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் சீக்கிரம் வெளியே வந்துவிடுவது நல்லது. மரப் பாதையை விட்டு இறங்கவே கூடாது. இந்தப் பீடபூமியில் கரியமில வாயுவும் கசிகிறது. அது காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும், வாசனையும் கிடையாது. 1979 பிப்ரவரியில் சினிலா எரிவாய் வெடித்தபோது இப்படி வந்த வாயுவில் 149 பேர் இறந்தார்கள். வெளியே வரும் பாதை வேண்டுமென்றே கடைத்தெரு வழியாகச் சுற்ற வைக்கிறது. எரிச்சல்தான், வேறு வழி இல்லை.

கடைசியாக அர்ஜுனன் தொகுதி. அர்ஜுனன், ஸ்ரீகண்டி, புந்ததேவன், செம்பத்ரா வரிசையாக மேற்குப் பார்த்து நிற்க, அர்ஜுனனுக்கு எதிரே செமார் மட்டும் கிழக்குப் பார்க்கிறது. பெயர்களைப் பார்த்துப் பாண்டவர் கட்டிய கதைக்கெல்லாம் போக வேண்டாம். அசல் பெயர்கள் தொலைந்து, பொம்மலாட்டப் பாத்திரங்களின் பெயர்கள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டன. புந்ததேவன் தருமன், செம்பத்ரா சுபத்திரை. ஸ்ரீகண்டி நம் சிகண்டிதான், ஆனால் ஜாவாவில் அவள் வில்லெடுத்த பெண், அர்ஜுனன் மனைவி. செமார் பாரதத்திலேயே கிடையாது, ஜாவாவின் சொந்த விதூஷகன்.

அர்ஜுனன் கோயிலின் வடக்குச் சுவரைப் பாருங்கள்: அபிஷேக நீர் வெளியேறும் கோமுகம், நம் ஊர்க் கோயிலில் இருக்கும் அதே பக்கத்தில். ஸ்ரீகண்டியில் வடக்கே விஷ்ணு, கிழக்கே சிவன், தெற்கே பிரம்மா. வழிகாட்டிப் பலகைகள் போதாது, சுற்றி வந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

சாப்பாட்டை வொனோசோபோவுக்கு இறங்கி வைத்துக்கொள்ளுங்கள். மி ஒங்க்லோக்: ஒங்க்லோக் எனும் மூங்கில் கூடையில் நூடுல்ஸும் முட்டைக்கோஸும் போட்டு வெந்நீரில் முக்கியெடுத்து, கெட்டியான குழம்பும் வேர்க்கடலைச் சாறும் ஊற்றித் தருகிறார்கள். மலைக்குளிருக்கு அமிர்தம். சைவர்கள் கவனம், குழம்பில் காய்ந்த இறால் இருக்கும், தொட்டுக்கொள்ள குச்சியில் சுட்ட மாட்டிறைச்சி (சாத்தே) வரும். புளிக்க வைத்த சோயாவை மஞ்சள் மாவில் பொரித்த தெம்பே கெமுல் பயமின்றிச் சாப்பிடலாம். மலைப் பப்பாளியான காரிகா சர்க்கரைப் பாகில் ஊறி டப்பாவில் வரும், பெட்டியில் கசியாமல் பார்த்துக் கட்டுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வானம் தெளிவாக இருக்கும். விடியலில் புல்மேல் உறைபனி படரும் காலமும் அதுதான், எனவே ஜாக்கெட் கட்டாயம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் மண்சரிவும். சிகுனிர் மலைச் சூரிய உதயம் வேண்டுமென்றால் யோக்யகர்த்தாவிலிருந்து நள்ளிரவு ஒரு மணிக்குக் கிளம்பச் சொல்வார்கள். தூங்காத டிரைவரோடு அந்த மலைப்பாதை எதற்கு? டியெங்கிலேயே ஒரு ஹோம்ஸ்டேயில் இரவு தங்கிவிடுங்கள்.